தேரோவின் வலது இருக்கை

இலாரியோவின் கையைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மின்கம்பிக்கு அடியில் விமானத்தோடு புகுந்து மறுபக்கம் ஏறிய கதை, காற்றடிக்கிற நாளில் பக்கத்து வயல் சூரியகாந்தி மேல் ஒரு சொட்டுப் படாமல் சோயாவுக்கு மட்டும் மருந்து தெளித்த கதை. பாதி பொய். விமான கிளப்பின் பின்புறம், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வேகக் காத்திருக்கும்போது பசியில் வளர்ந்த பொய்கள். மீதிப் பாதி சத்தியம். எந்த விமானமாவது மக்கர் செய்தால், மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் இலாரியோவை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். இறங்கி வந்து, "இடது இறக்கைல ஒரு கம்பி தளந்திருக்கு" என்பான். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். மீட்டர் பொய் சொல்லும், இலாரியோ கை பொய் சொல்லாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

அந்தப் பேச்சை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் அவன் மனைவி கிரிசெல்தா. நம்பித்தான் கெட்டாள்.

அவள் விதைப்பு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் போடும் இன்ஜினியர். முன்கோபி. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் தொழிற்சாலையே காதைப் பொத்திக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவளுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஓர் ஆசை. புருஷன் பறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். மருந்து தெளிக்கும் விமானத்தில் ஓட்டுபவனுக்கு மட்டும்தான் இடம். கிளப்பின் கிழட்டு விமானத்தில் இருக்கை இரண்டு, ஆனால் ஒன்றன் பின் ஒன்று.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் பிடரியத்தான் பாத்துட்டிருக்கேன்," என்பாள். "அதுல எத்தன மடிப்புன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"மூஞ்சியத்தான் வீட்ல பாக்குறியே, போதாதா?"

"வீட்ல நீ உர்ருனு இருப்பே. மேல போனா வேற ஆளாயிடுறேன்னு ஊரே சொல்லுது. அந்த ஆள நான் ஒரு தடவ பாக்கணும்."

தானே ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று இளவயதில் முயன்றாள். லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சீவல் ஏற்கெனவே அவள் வலது கண்ணைக் கொண்டுபோயிருந்தது. மருத்துவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மறுபடியும் போய்ச் சண்டை போட்டாள். மறுபடியும் மாட்டேன் என்றார்.

எனவே ஒரு விமானத்தையே கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். பக்கம் பக்கமாக இரண்டு இருக்கை. ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து அறுநூறு கிலோவுக்குள் அடங்கும் இலகு விமானம். தொழிற்சாலை விட்டதும் நேராகக் கிளப்பின் பழைய கொட்டகைக்கு வந்துவிடுவாள். எங்கள் வயல்களில் ஓயாமல் கத்தித் திரியும் ஆள்காட்டிப் பறவைக்கு எங்கள் பக்கத்தில் தேரோ என்று பெயர். அதையே விமானத்துக்கும் வைத்தாள். "ஓட்டறவன் பேச மாட்டான், வண்டியாவது கத்தட்டும்" என்றாள்.

விமானத்தில் ஓட்டுபவனுக்கு இடது இருக்கை. அவளுக்கு வலது. "போனது வலக்கண்ணுதானே? வலப்பக்கம் உக்காந்தா நல்ல கண்ணுக்கு நேரா நீ வருவே," என்று சொல்லிக் கைதட்டிச் சிரித்தாள். கண் போனதற்காக அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

வரைபடத்தில் வலது இருக்கையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். குறுகலான விமானங்களில் அப்படித்தான் செய்வார்கள், இரண்டு பேரின் தோளும் மோதிக்கொள்ளாமல் இருக்க. இலாரியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"இது என்ன, என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கப் போறியா?"

"தோள் இடிக்கும்யா."

"இடிக்கட்டுமே, கிழவி."

ஒரு சாண் முன்னால் நகர்த்தினால் விமானத்தின் எடை சமநிலை மொத்தமும் மாறும். எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். கிரிசெல்தா அவனைத் திட்டிக்கொண்டே அழித்தாள், திட்டிக்கொண்டே புதிதாக வரைந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு களை இருந்ததைத் தொழிற்சாலையில் எல்லாரும் கவனித்தார்கள்.

எங்கள் இலைத் தேநீரான மாத்தே குடிக்க வெந்நீர்க் குடுவை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று இலாரியோ கேட்டபோது, "ஒவ்வொரு கிராமா நான் உயிர விட்டுக் கொறைக்கிறேன், உனக்கு டீக்கடை கேக்குதா?" என்று சீறினாள். ஆனால் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு தோல் பை தைத்தாள். மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீரை ஊற்றி நீட்டுவது அவள். உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவது அவன். வீட்டில் நடப்பதுதான், மேலேயும் நடக்கட்டும் என்று நினைத்தாள்.

புது விமானத்தை நாற்பது மணி நேரம் ஓட்டுபவன் தனியாகப் பறந்து சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஆள் ஏறலாம் என்பது சட்டம். அதுவரை வலது இருக்கையில் கிரிசெல்தாவின் எடைக்குச் சமமாகச் சோயா மூட்டைகளைக் கட்டி வைத்தார்கள். விமானத்தை ஓட்டும் பிடிக்கு ஸ்டிக் என்று பெயர்; இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொன்று இருந்ததில் அந்தப் பக்கத்து ஸ்டிக்கைக் கழற்றி அலமாரியில் போட்டார்கள். கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் குண்டு அன்செல்மோ, கிரிசெல்தாவின் கழுத்துத் துணியை எடுத்து மேல் மூட்டைக்குக் கட்டிவிட்டான்.

"அக்கா, உங்க சக்களத்திய வந்து பாருங்க. உங்கள விட அம்சமா இருக்கா."

"சண்ட போடாம கூட வர்றவ இவ ஒருத்திதான்," என்றான் இலாரியோ.

"நாப்பது மணி நேரம் அனுபவி. அப்புறம் அவளக் கோழிக்குப் போட்டுடுவேன்," என்றாள் கிரிசெல்தா.

முதல் நாள் தேரோ பூப்போல எழும்பியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கத்தினோம். கிரிசெல்தா மட்டும் கத்தவில்லை. ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டு, யாராவது பார்த்தால் திட்டத் தயாராக நின்றாள்.

நாலைந்து நாள் மெதுவாகப் பறந்த பிறகு வேகம் கூட்டிப் பார்க்கும் நாள் வந்தது. தேரோ தரையிறங்கியபோது இலாரியோவின் முகம் வெளுத்திருந்தது. கதவைத் திறந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா?"

"நடுங்குது," என்றான். "வேகமெடுத்து நேரா போக ஆரம்பிச்சதும் ஸ்டிக் நடுங்குது."

விமானம் கட்டுகிறவர்கள் கனவில் கேட்டாலும் அலறும் வார்த்தை அது. வேகத்தில் வால் படபடக்க ஆரம்பித்தால் கண் மூடித் திறப்பதற்குள் வாலே பிய்ந்துபோகும். வாலில் அதிர்வை அளக்க ஒரு கருவி ஒட்டியிருந்தாள். ஓடிப்போய் அதைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கோடு நேராக, சமர்த்தாக ஓடியிருந்தது. கணக்கைப் பார்த்தாள். கணக்கிலும் குற்றமில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால், வேறு பொம்பளையாக இருந்திருந்தால், கருவியை நம்பியிருப்பாள். இவள் கருவியைப் பிய்த்துக் குப்பையில் வீசினாள். மீட்டர் பொய் சொல்லும், இலாரியோ கை பொய் சொல்லாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவன் பெரிய ஆட்டக்காரன். அதனால் கூடத்தைக் கட்டியவளே அது கோணல் என்று நம்பிவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் வாலைக் கழற்றினாள். ஸ்டிக்கை அசைத்தால் வாலில் அசையும் மடலின் கீல்களை மாற்றி, முனையில் ஈய எடை வைத்து, மறுபடி மாட்டினாள். இலாரியோ ஓட்டிப் பார்த்தான். நடுங்கியது. குளிர்காலத்தில் வால் முழுவதையும் புதிதாகக் கட்டினாள். ஆணி அடித்து அடித்து விரல் மரத்துப்போனது. மறுபடி ஓட்டினான். மறுபடி நடுங்கியது. தொழிற்சாலையில் யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே எல்லாரையும் திட்டினாள். நாற்பதில் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாத்தேக் குடுவையைத் திருப்பித் தரும்போது ஒன்றும் சொல்ல மாட்டோம். "நன்றி" என்று சொன்னால் எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று பொருள். இலாரியோ ஒரு முழு வெந்நீர்க் குடுவையைக் காலி செய்கிறவன். கல்யாணமான நாளிலிருந்து கிரிசெல்தா அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைத் தண்ணீர் தீர்ந்த பிறகுதான் கேட்டிருக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் முதல் சுரைக்குடுவையை இடது கையால் வாங்கி, அவசரமாக உறிஞ்சி, "நன்றி" என்று நீட்டிவிட்டு எழுந்து போனான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

என் மேல் கோபம், நடுங்குகிற வண்டியைக் கட்டிக் கொடுத்த கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. ரோஷக்காரி எப்படிக் கேட்பாள்? கொட்டகைக்குப் போய் இன்னும் பலமாக ஆணி அடித்தாள்.

வசந்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை அவள் தேரோவின் வயிற்றிலிருந்து வால் வரைக்கும் சாக்கட்டியால் கோடு போட்டாள். பின்பாதி முழுவதையும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டப்போகிறேன் என்றாள். குண்டு அன்செல்மோ தலையில் கை வைத்துக்கொண்டான். கிளப்பில் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டச் சொல்லித்தரும் தார்தோ, "அக்கா, அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று பின்னாலேயே அலைந்தான். அவள் காதில் வாங்கவில்லை. அறுக்கும் இயந்திரத்தின் பிளக்கைச் செருகினாள்.

இலாரியோ வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"தார்தோ ஒரு தடவ ஓட்டட்டும்," என்றான்.

"அவன் கைக்கு என்ன தெரியும்? உன் கைக்கே நடுங்குது."

"ஓட்டட்டும் கிழவி. அறுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ." அவன் அவளைப் பார்க்காமல் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் தார்தோ பறந்தான். இலாரியோ போன வேகம் வரை போனான். அதற்கு மேலும் போனான். கிளப்பின் மேலே தாழப் பறந்தபோது தேரோ இழுத்துக் கட்டிய கம்பிபோல ஒரே சீராகப் போனதைத் தரையிலிருந்தே பார்க்க முடிந்தது. இறங்கி ஓடிவந்தவன் கிரிசெல்தாவை இடுப்போடு தூக்கிச் சுற்றினான்.

"அக்கா! நடுக்கமாவது ஒண்ணாவது! ஸ்டிக் மேல முட்டைய வச்சாக்கூட விழாது! என்னா வண்டி கட்டியிருக்கீங்க!"

கிளப்பே கூச்சல் போட்டது. அன்செல்மோ இறைச்சியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து எல்லாரையும் முத்தமிட்டான். கிரிசெல்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இதைச் சொல்ல வேண்டிய ஆளைத் தேடித் திரும்பினாள். இலாரியோ மேசையருகே நின்று தார்தோவுக்குக் கொடுக்க மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நீர் குடுவைக்குள் விழவில்லை. அதைப் பிடித்திருந்த வலது கை மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது. சுடுவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை, அல்லது உறைத்தும் ஊற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் அன்செல்மோ வாயை மூடினான். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் மூடினோம்.

கொட்டகைக்குள் போய்த்தான் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வருஷமே லேசா இருந்துச்சு. மருந்தடிக்கிற வண்டி எப்பவும் நடுங்கும், அதனால வண்டிதான்னு நெனச்சேன். இதுல நடுங்கினப்ப... இது உன் வண்டி. நீ கட்டினது நடுங்காதே."

"தெரிஞ்சுமா என்ன ரெண்டு வால் கட்ட வச்சே? தேரோப் பறவை புத்திய எனக்கே காட்டிட்டியே. முட்டை ஒரு எடத்துல, கத்தறது ஒரு எடத்துல. நான் மடச்சி, கத்தின எடத்துலயே குளிர்காலம் பூரா தோண்டிட்டிருந்தேன்!"

"வாலா இருந்தா நீ சரி பண்ணிடுவே," என்றான் இலாரியோ. "கையா இருந்தா யாரு பண்ணுவா? ஒவ்வொரு தடவயும், இந்தத் தடவ சரியாயிடும், கிழவி சரி பண்ணிட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஏறினேன்."

அவள் கையிலிருந்த சாக்கட்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். அவன் மேல் வந்த கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. தன் மேல் வந்த கோபம்தான் நின்றது. கருவி சரியாகத்தான் சொன்னது. கணக்கு சரியாகத்தான் சொன்னது. தான் கட்டியதைத் தானே நம்பியிருந்தால் இலையுதிர்காலத்துக்குள் நாற்பது மணி நேரம் முடிந்திருக்கும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு பறந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ரொசாரியோ நகரத்து மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். வேலையாக இருக்கும்போது கை அடங்கும், சும்மா இருக்கும்போது ஆடும், அப்படித்தான் தொடங்கும் என்றார். அதனால்தான் ஏற்றி இறக்கும்போது தெரியாமல், வேகமெடுத்து நேராகப் போகும்போது மட்டும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடம் அடித்த பூச்சிமருந்தாலா என்று கிரிசெல்தா கேட்டாள். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதைச் சொல்ல ஒரு மருத்துவரா? எங்கள் ஊர்ச் சோயாவைக் கேட்டாலே சொல்லும். விமானம் ஓட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் கிளப் வாசலில் காரை நிறுத்தினாள். உள்ளே ஈ காக்கை இல்லை.

"வா," என்றாள். "ஒரே ஒரு சுத்து. அந்தத் தாளாச்சு, மண்ணாச்சு. இந்த வண்டிய எத்தன தடவ ஏத்தி எறக்கியிருக்கே. எறக்கும்போதுதான் கை அடங்குதுன்னு அவரே சொன்னாரே."

"எறக்கினேன். மூட்டைய வச்சுக்கிட்டு எறக்கினேன்."

"நானும் அதே எடைதான்யா."

"எடை மட்டுந்தான் அதே."

"எனக்குப் பயமில்ல."

"எனக்கு இருக்கு," என்றான். கிரிசெல்தா அந்த வார்த்தையை அவன் வாயில் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவள் காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மீதி மணி நேரத்தைத் தார்தோ ஓட்டி முடித்தான். கோடை தொடங்கும்போது அனுமதி வந்தது. சோயா மூட்டைகளை இறக்கி, வலது ஸ்டிக்கை மறுபடி மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. அடுப்பில் முழுக் கன்றுக்குட்டி வெந்தது. தார்தோ இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, வலது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"அக்கா, வாங்க. மொதல் ஆளு நீங்கதான்."

கிரிசெல்தா கதவு வரைக்கும் போனாள். குனிந்து உள்ளே பார்த்தாள். தன் நல்ல கண்ணுக்கு நேராக வர வேண்டிய இடத்தில் தார்தோவின் சிரித்த முகம் இருந்தது. நல்ல பையன், பாவம், அவன் என்ன செய்வான்? அவள் நிமிர்ந்து திரும்பி வந்துவிட்டாள்.

"போயேன் கிழவி," என்றான் இலாரியோ. வெந்நீர்க் குடுவை அவன் கக்கத்தில் இருந்தது.

"நீ போ."

"நான் போனா நீ கீழ. நீ போனா நான் கீழ. மூணாவது சீட்டு ஒண்ணு வச்சிருக்கணும், இன்ஜினியரம்மா."

"ரெண்டு போதும்னு நெனச்சேன்யா," என்றாள். அவ்வளவு பேர் முன்னால் கிரிசெல்தா வாய்விட்டு அழுதாள். ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் அன்செல்மோ, "சரி, நான் போறேன். வண்டி தாங்குமான்னு கடவுள்தான் சொல்லணும்" என்று ஏறி உட்கார்ந்தான். கதவு இரண்டாம் முறை அடித்தபோதுதான் மூடியது. எல்லாரும் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் தேரோவைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். வெயில் சாய்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. கிரிசெல்தா வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இலாரியோ இடது பக்கம் ஏறினான். தோள் இடித்தது.

அவள் தோல் பையிலிருந்து வெந்நீரை எடுத்து ஊற்றி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். புது இருக்கை மேல் கொஞ்சம் சிந்தியது. உறிஞ்சி முடித்துக் குடுவையை நீட்டினான். அவள் காத்திருந்தாள். அவன் நன்றி சொல்லவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள்.

குடித்துவிட்டு வழக்கம்போல வலது கையை ஸ்டிக் மேல் வைத்தான். எதிரே கொட்டகையின் தகரச் சுவர் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல அவன் கண் இடுங்கியது, வாயோரம் லேசாக விரிந்தது. கிரிசெல்தா திரும்பி, ஒற்றைக் கண்ணால் அந்த முகத்தைப் பார்த்தாள். ஊர் சொன்னது சரிதான். வேறு ஆள்.

பின்னால் வால் மடல் தட்டத் தொடங்கியது. டக், டக், டக் என்று மெல்லிய சத்தம். குளிர்காலம் முழுக்க அவள் தேடிய சத்தம். இரண்டு ஸ்டிக்கும் ஒரே தண்டில் இணைந்தவை. அவள் முன்னாலிருந்த ஸ்டிக்கும் ஆடியது. அதைப் பிடித்தாள். அவன் கை நடுக்கம் அவள் பற்றவைத்த தண்டு வழியாக வந்து அவள் உள்ளங்கையில் ஏறியது. இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இறுக்கவில்லை.

"நடுங்குதா?" என்று கேட்டான் இலாரியோ, சுவரைப் பார்த்தபடியே.

"ஆமாய்யா," என்றாள். "நடுங்குது."